நோகாத வருத்தமும் நவ்ஹைம் தண்ணீரும்

1

நான் வேலை செய்கிற ரெஸ்ரோறன்றின் குசினி யன்னலைத் திறந்தால் ஒரு பெரிய பூங்கா தெரியும். காலை பதினொரு மணியளவில் கைத்தடியோடும் தோளில் துவாயோடும் வயதானவர்கள் அதற்குள்ளால் நடந்து வருவார்கள். இந்த ஊருக்கு பாட் நவ்ஹைம் என்று பெயர். பிராங்பேர்ட்டிலிருந்து வடக்கே ரயிலில் அரை மணித்தியாலப் பயணம். ஜேர்மன் மொழியில் 'பாட்' என்றால் குளியல். இருதய வருத்தக்காரரும் பிறஷர்காரரும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இங்கே வந்து தண்ணீரில் கிடந்து சுகம் தேடியிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்ட கோப்பைகளை முதல் நான்கு வருடம் நான் கழுவினேன். இப்போது சலாட்டும் சூப்பும் என் பொறுப்பு. ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் என் கை தண்ணீருக்குள் இருந்த அந்தக் காலத்தில், இந்த ஊர்த் தண்ணீருக்கு ஒரு சரித்திரம் இருக்குமென்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

யோசிக்க வைத்தவர் என்னோடு அதே குசினியில் வேலை செய்த ஒரு அண்ணை. 1985இல் இந்த நாட்டுக்கு வந்தவர். பிறஷர் கூட என்று டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் எடுத்தார். பிறகு ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்:

"குளிசையை விட்டிட்டன் தம்பி. எனக்கு ஒண்டும் நோகேல்லை. நோகாத வருத்தத்துக்கு என்னத்துக்கு மருந்து? தண்ணியிலை எல்லாம் இருக்கு. எங்கடை அப்பப்பா குளிர்தண்ணியிலை இடுப்புக் குளியல் செய்து எம்பத்தேழு வயசுமட்டும் இருந்தவர்."

வீட்டில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் தொட்டி வாங்கி வைத்து, காலையில் எழும்பியதும் அதில் இருப்பாராம். நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் பிறஷர் இருந்தது, எனக்கும் ஒன்றும் நோகவில்லை. போன வருடம் மாசி மாதம் ஒரு காலையில் அவர் குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் வழங்காமல் போய், பேச்சும் குழறிப்போனது.

நான் வைத்தியனல்ல. ஊரில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன். ஆனாலும் அண்ணை விழுந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. தண்ணீர் பிறஷரைக் குறைக்குமா? குறைக்கும் என்றால் அண்ணை ஏன் விழுந்தார்? குறைக்காது என்றால் இந்த ஊர் முழுவதும் எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது? வேலையில்லாத திங்கட்கிழமைகளில் இதைத் தேடி வாசித்தேன். கண்டதை இங்கே எழுதுகிறேன்.

2

நவ்ஹைம் முதலில் குளியல் ஊர் அல்ல, உப்பு ஊர். கிறிஸ்துவுக்கு முன்பே கெல்ற் மக்கள் இங்கே நிலத்தடி உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அதற்கென்று பெரிய மரச்சுவர்கள் கட்டினார்கள். அவை இன்றும் நிற்கின்றன. முள்ளுச் செடிக் கட்டுகளை வீட்டுக் கூரைக்கு மேலான உயரத்துக்கு அடுக்கி, மேலேயிருந்து உவர்நீரைச் சொட்டுச்சொட்டாக வழியவிடுவார்கள். காற்றில் தண்ணீர் ஆவியாகப் போக, கீழே வந்து சேர்கிற நீர் உப்புக் கூடியதாக இருக்கும். காய்ச்ச விறகு மிச்சம். என் அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். நான் நடக்கப் பழகிய காலத்தில் போரோடு அது நின்றுபோனது. அங்கே வெயில் செய்த வேலையை, வெயில் குறைந்த இந்த நாட்டில் முள்ளும் காற்றும் செய்திருக்கின்றன.

உப்பு வியாபாரம் சரியத் தொடங்கிய காலத்தில் குளியல் வந்தது. 1835இல் முதலாவது குளியல் வீடு திறக்கப்பட்டது. 1846 டிசம்பரில், முன்பு துளைத்துப் பயனில்லையென்று கைவிட்ட ஒரு கிணற்றிலிருந்து இளஞ்சூடான உவர்நீர் தானாகப் பீறிட்டு எழுந்தது. அதிலே கரியமில வாயு நிறையக் கலந்திருந்தது. சோடாப் போத்தலைத் திறந்தால் வருவதுபோல நுரைத்துக்கொண்டு வந்த நீர். 1869இல் ஊரின் பெயரோடு 'பாட்' சேர்ந்தது.

அந்தக் காலத்தில் வாதக்காரரைத்தான் தண்ணீரில் இருத்தினார்கள். இருதயம் பழுதானவர்களைக் குளிக்கவிட வைத்தியர்கள் பயந்தார்கள். 1857இல் இங்கே வந்த பெனெக்கே என்ற வைத்தியர், வாதத்தோடு இருதயமும் கெட்டிருந்த நோயாளிகள் இந்த நுரைநீரில் குளித்தபின் மூச்சு இலகுவாகி நடப்பதைக் கவனித்தார். அவருக்குப் பின் ஷொற் சகோதரர்களான அவுகுஸ்ற், தெயோடோர் என்ற இரண்டு வைத்தியர்கள் அதை ஒரு முறையாக்கினார்கள். முதலில் உப்பும் வாயுவும் குறைந்த நீரில் சில நிமிடங்கள். பிறகு நாளுக்குநாள் நீரின் பலத்தையும் நேரத்தையும் கூட்டுவது. இடையிடையே குளிக்காத நாட்கள். குளித்தபின் போர்த்துக்கொண்டு படுத்திருப்பது. இதோடு, ஒருவர் எதிராகப் பிடிக்க மெதுவாகக் கைகால் அசைக்கிற பயிற்சி. 'நவ்ஹைம் சிகிச்சை' என்று ஐரோப்பா முழுவதும் இது பெயரெடுத்தது. 1898 கோடையில் ஒஸ்திரியாவின் பேரரசி எலிசபெத் இங்கே குளிக்க வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெனீவாவில் கொலையுண்டார். 1910இல் ரஷ்யப் பேரரசி அலெக்ஸாந்திரா வந்தார். 1905க்கும் 1911க்கும் இடையில் வில்ஹெல்ம் யோஸ்ற் என்ற கட்டடக் கலைஞர் ஊற்றுகளைச் சுற்றிக் கட்டிய குளியல் மண்டபங்கள் இன்றும் ஊரின் நடுவில் இருக்கின்றன.

கவனிக்கவேண்டிய ஒன்று, பெனெக்கேயும் ஷொற் சகோதரர்களும் தொடங்கிய காலத்தில் பிறஷர் என்கிற வருத்தத்துக்குக் கணக்கே இருக்கவில்லை. நாடியை விரலால் அமத்தி, கடினமாக இருக்கிறதா மெதுவாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். கையைச் சுற்றிக் காற்றடிக்கிற பட்டியை இத்தாலியரான ரிவா-ரொச்சி 1896இல் வெளியிட்டார். காதில் குழாய் வைத்துக் கேட்டு, மேல் கீழ் என்று இரண்டு எண்களாக எழுதும் முறையை ரஷ்யரான கொரொட்கோவ் 1905இல் சொன்னார். ஜேர்மன் டொக்டர்மார் இன்றைக்கும் பிறஷரை எழுதும்போது 'ஆர் ஆர்' என்றுதான் குறிப்பார்கள். ரிவா-ரொச்சியின் முதலெழுத்துகள் அவை. என் முதல் மருத்துவத் தாளிலும் அப்படித்தான் இருந்தது: ஆர் ஆர் 165/105. அது என்ன எழுத்தென்று அறிய எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

3

தண்ணீர் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை ஊர்க் குளத்தில் நின்றவர்கள் எல்லோரும் அறிவார்கள். கழுத்தளவு நீரில் கொஞ்ச நேரம் நின்றால் மூத்திரம் முட்டும். சின்ன வயதில் குளிர்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். இளஞ்சூட்டு நீரிலும் அது நடக்கும்.

நீர் எல்லாப் பக்கத்தாலும் உடம்பை அமத்துகிறது. கீழே போகப்போக அமத்தல் கூட. அதனால் காலிலும் வயிற்றிலும் தேங்கியிருக்கிற இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. கழுத்தளவு நீரில் ஏறத்தாழ 700 மில்லிலீற்றர் இரத்தம் நெஞ்சுப் பக்கம் போய்ச் சேரும். இருதயத்தின் மேலறைகள் விரிகின்றன. இரத்தம் கூடிவிட்டது என்று உடம்பு எண்ணிக்கொண்டு, தண்ணீரையும் உப்பையும் வெளியே விடும்படி சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. 1950களில் கவர், ஹென்றி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருதய மேலறை விரிவதற்கும் சிறுநீருக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1981இல் கனடாவில் டி போல்ட் என்பவர், இருதய மேலறையே ஒரு சுரப்பைச் சுரந்து உப்பை வெளியேற்றுகிறது என்று கண்டார். இருதயம் இரத்தத்தை இறைக்கிற துலா மட்டுமல்ல என்பது அன்றுதான் உறுதியானது.

நவ்ஹைம் நீருக்கு இன்னொரு குணம் உண்டு. கரியமில வாயுக் குமிழ்கள் தோலில் முத்து முத்தாக ஒட்டும். வாயு தோலுக்கூடாக உள்ளே போய், தோலடியில் இருக்கிற சிறு குழாய்களை விரிக்கும். பத்து நிமிடத்தில் நீருக்குள் இருந்த பகுதி மட்டும் சிவந்து, நீர்மட்டத்தில் கோடு கீறினாற்போலத் தெரியும். குழாய்கள் விரிந்தால் இருதயம் தள்ளவேண்டிய பாரம் குறைகிறது, பிறஷர் இறங்குகிறது. சாதாரண நீரில் 33 பாகை குளிராகத் தெரியும். குமிழ் நீரில் அது இதமாக இருக்கும். அதனால் கொதிநீரால் இருதயத்தைப் படபடக்க வைக்காமலே குழாய்களை விரிக்க முடிந்தது.

ஆக, பெனெக்கே கண்டது பொய்யல்ல. தண்ணீர் பிறஷரைக் குறைக்கிறது. ஆனால் ஒரு குளியல் செய்வது அந்த நேரத்துக்கும் அதன்பின் சிறிது நேரத்துக்குமான வேலை. துடைத்துக்கொண்டு எழும்பிப் போனால் குழாய்கள் திரும்பச் சுருங்கும். நவ்ஹைம் வைத்தியர்களும் அதை அறிந்திருந்தார்கள். ஒருநாள் வந்து குளித்துவிட்டுப் போக அவர்கள் யாரையும் விடவில்லை. கிழமைக்கணக்கில் இருக்கச் சொன்னார்கள்.

4

அண்ணையின் இடுப்புக் குளியல் இந்த வழியில் வந்ததல்ல. அது குளிர்நீர் வழி. அதைத் தேடிப்போனபோது எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது.

ஷிலேசியா மலைக் கிராமம் ஒன்றில் பிறந்த பிறீஸ்னிட்ஸ் என்ற விவசாயி (1799–1851), ஈரத்துணிச் சுற்றாலும் மலையருவியாலும் வைத்தியம் செய்து பெயரெடுத்தார். பவேரியாவில் கினைப் என்ற பாதிரியார் (1821–1897), இளமையில் சயரோகம் பிடித்து டனூப் ஆற்றில் மாரிகாலத்தில் முங்கி எழும்பித் தேறியவர், 1886இல் தன் நீர்ச் சிகிச்சை நூலை வெளியிட்டார். இவர்களுக்குப் பின் லைப்சிக் நகரத்தில் லூயி கூனே என்றொருவர் வந்தார். அவரும் படித்த வைத்தியரல்ல. தச்சுத் தொழில் தெரிந்தவர். 1883இல் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். எல்லா வருத்தமும் ஒரே வருத்தம்தான், உடம்பில் சேர்ந்த அழுக்கே காரணம், வயிற்றைக் குளிரவைத்தால் அழுக்கு வெளியேறும் என்பது அவர் கொள்கை. தொட்டியில் தொப்புளளவு குளிர்நீர் விட்டு, கால்களை வெளியே போட்டுக்கொண்டு, துணியால் வயிற்றைத் தேய்க்கும் இடுப்புக் குளியலை அவர்தான் உலகமெல்லாம் பரப்பினார்.

அவருடைய நூல் இந்திய மொழிகளுக்குப் போனது. தென்னாபிரிக்காவில் இருந்த காந்தி அதை வாசித்தார். தன்மீதும் தன் பிள்ளைகள்மீதும் செய்து பார்த்தார். 1942இல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது உடல்நலம் பற்றி எழுதத் தொடங்கிய சிறு நூலிலும் கூனேயின் குளியலுக்கு இடம் கொடுத்தார். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை லக்ஷ்மண சர்மா போன்றவர்கள் இயற்கை வைத்தியத்தை எழுதிப் பரப்பினார்கள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அண்ணையின் அப்பப்பா அவரைப் பார்த்தவர், அதன்பின் கதர் உடுத்தவர், இடுப்புக் குளியல் செய்தவர். எங்கள் ஊர்ப் பழைய வைத்தியம் என்று அண்ணை இங்கே கொண்டுவந்து பிளாஸ்ரிக் தொட்டியில் செய்தது, இந்த ஜேர்மனியிலிருந்து எங்களிடம் வந்த சரக்கு. இதை அவருக்குச் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

காந்திக்கே பிறஷர் இருந்தது. 1937 ஒக்ரோபர் 26இல் அவருக்கு 194/130. 1940 பெப்ரவரி 19இல் 220/110. எண்ணெய் இல்லாச் சாப்பாடு, நாள்தோறும் நடை, மண்பட்டி, நீர்க்குளியல் எல்லாம் செய்தவருக்கு இந்தக் கணக்கு. 1937 டிசம்பரில் வேலைகளை விட்டுவிட்டு பம்பாயில் ஜூகு கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போகவேண்டியிருந்தது. நீரும் மண்ணும் வேண்டாமென்று சொல்ல இதை எழுதவில்லை. அவை மட்டும் அவருக்குப் போதவில்லை என்பதே நான் சொல்வது.

குளிர்நீரைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். 1930களில் அமெரிக்காவில் ஹைன்ஸ், பிறவுண் என்ற இரண்டு வைத்தியர்கள் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார்கள். ஐஸ் போட்ட தண்ணீருக்குள் ஒரு கையை ஒரு நிமிடம் வைத்திருந்தால் பிறஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. பிறஷர் வருத்தக்காரருக்கு அது கூடுதலாக ஏறும். குளிர் பட்டதும் தோலிலுள்ள குழாய்கள் எல்லாம் ஒரேயடியாகச் சுருங்குவதே காரணம். ஊர்க் கிணற்றுநீர் மார்கழியிலும் அப்படிக் கடிக்காது. ஜேர்மனியில் மாசி மாதத்துக் குழாய்நீர் அதுவல்ல. அண்ணையை அந்தக் குளியல்தான் விழுத்தியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மாதக்கணக்காகக் குளிசை இல்லாமல் ஏறிக்கிடந்த பிறஷர் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதற்குமேல் அந்தக் குளிர்.

5

1891இல் அமெரிக்காவிலிருந்து ஒரு குடும்பம் பாட் நவ்ஹைமுக்கு வந்தது. தகப்பனுக்கு இருதய வருத்தம். அவர் குளிக்க, ஒன்பது வயது மகனை ஜேர்மன் பழகட்டும் என்று சில கிழமைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பையனின் பெயர் பிராங்ளின் டெலானோ ரூஸ்வெல்ற்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவருக்குப் போலியோ என்று வைத்தியர்கள் சொல்லும் வருத்தம் வந்து கால்கள் வழங்காமல் போயின. 1924இல் ஜோர்ஜியா மாநிலத்தில் வோம் ஸ்பிறிங்ஸ் என்ற இடத்துக்குப் போனார். 31 பாகை இளஞ்சூட்டு ஊற்று அங்கே இருந்தது. நிலத்தில் நிற்கமுடியாத கால்கள் அந்த நீரில் அசைந்தன. 1926இல் அந்த இடத்தையே வாங்கி, தன்னைப்போன்ற நோயாளிகளுக்காக ஒரு நிலையம் அமைத்தார். தண்ணீரில் அவ்வளவு நம்பிக்கை வைத்த தலைவர் வேறொருவரை நான் அறியேன்.

1944 மார்ச்சில் புறூயென் என்ற இளம் இருதய வைத்தியர் அவரைச் சோதித்தபோது பிறஷர் 186/108. இருதயம் பெருத்திருந்தது. உலகப் போர் நடத்திக்கொண்டிருந்த ஜனாதிபதிக்கு அன்று கொடுக்க முடிந்தது டிஜிற்றாலிஸ், உப்புக் குறைத்த சாப்பாடு, ஓய்வு. அதற்குமேல் வைத்தியத்தின் கையில் அதிகம் இருக்கவில்லை. அந்தச் சித்திரையில் ஒரு மாதம் தென் கரோலினாவில் ஓய்வெடுத்தார். பிறகு தேர்தல், யால்ற்றா மாநாடு. 1945 மார்ச் கடைசியில் களைத்துப்போய் வோம் ஸ்பிறிங்ஸுக்கு வந்தார். ஏப்ரல் 12 மத்தியானம் பிடரி கடுமையாக நோகிறது என்று சொல்லி மயங்கினார். புறூயென் பட்டியைச் சுற்றிப் பார்த்தபோது 300/190. மூளையில் இரத்தம் பெருகிச் சில மணித்தியாலங்களில் இறந்தார். வயது 63.

அன்றைக்கு அவருக்கு நோ வந்தது.

6

நவ்ஹைமில் குளித்துச் சுகம் கண்ட அமெரிக்கர்களில் கேர்க்கொஃப் என்ற பணக்காரர் ஒருவர். அவர் இறந்தபின் அவரது மனைவி கொடுத்த பணத்தில் 1929க்கும் 1931க்கும் இடையில் இங்கே இருதய ஆராய்ச்சி நிலையம் கட்டப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்தவர் பிரான்ஸ் குறோடெல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், யூத வழி வந்தவர் என்பதால் நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் நியூயோர்க்கில் முதலிலிருந்து தொடங்கினார். 1949இல் அமெரிக்க இருதய வைத்தியக் கல்லூரி என்ற சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் இவர்தான். குளியல் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர் இன்னொரு நாட்டின் இருதய வைத்தியத்துக்கு அத்திவாரம் போட்டிருக்கிறார்.

இன்னொரு அகதி வைத்தியர் வால்ற்றர் கெம்ப்னர். பேர்லினிலிருந்து 1934இல் வட கரோலினாவுக்குப் போனவர், அவரும் யூத வழி. பிறஷர் உச்சத்துக்கு ஏறிச் சிறுநீரகம் கெட்டுச் சாகக்கிடந்தவர்களுக்கு 1939இலிருந்து அவர் கொடுத்த மருந்து சோறு. உப்பில்லாத சோறு, பழம், பழச்சாறு, சீனி. அவ்வளவுதான். கன பேருக்குப் பிறஷர் இறங்கியது, பெருத்த இருதயம் சுருங்கியது. சோறு செய்த மந்திரம் அல்ல அது. உப்பில்லாதது செய்தது. நாங்கள் கருவாட்டுக் குழம்போடும் ஊறுகாயோடும் சாப்பிடுகிற சோறு அதுவாகாது. ஆனால் அந்தச் சாப்பாட்டைத் தாங்கி மாதக்கணக்காக இருக்கப் பெரும்பாலானோரால் முடியவில்லை.

1958 அளவில் குளோறோதயசைட் என்ற குளிசை வந்தது. அது செய்வது சிறுநீரகத்தால் உப்பையும் நீரையும் வெளியேற்றுவது. குளத்தில் கழுத்தளவு நின்றால் சிறிது நேரத்துக்கு நடப்பதை, வேறொரு வழியால், நாள் முழுவதும் நடக்கச் செய்தது. 1967இல் அமெரிக்காவில் முன்னாள் படையினர் 143 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு வந்தது. எல்லோருக்கும் கீழ் எண் 115க்கும் 129க்கும் இடையில். 73 பேருக்கு உண்மையான குளிசை, 70 பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. சராசரியாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெறும் குளிசை எடுத்தவர்களில் 27 பேருக்குப் பாரதூரமான கேடு வந்தது. மருந்தெடுத்தவர்களில் 2 பேருக்கு. நோகாத வருத்தத்துக்கு என்னத்துக்கு மருந்து என்று அண்ணை கேட்ட கேள்விக்கு, அவர் கேட்பதற்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே மறுமொழி வந்திருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

7

அப்படியென்றால் நவ்ஹைமில் குளித்தவர்களுக்கு எது சுகம் தந்தது? தண்ணீரும்தான். ஆனால் அந்த நாலு கிழமைகளை நினைத்துப் பாருங்கள். வேலை இல்லை. கணக்கான சாப்பாடு. மத்தியானம் படுக்கை. பூங்காவில் நடை. ஒவ்வொரு நாளும் ஒருவர் நாடி பிடித்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். ரூஸ்வெல்றுக்கு வைத்தியர் எழுதியதும் காந்தியை ஜூகுவுக்கு அனுப்பியதும் இதே ஓய்வுதான்.

ஜேர்மனியில் 1883இல் தொழிலாளருக்கு மருத்துவக் காப்புறுதியும் 1889இல் முதுமை, வேலைசெய்ய முடியாமை ஆகியவற்றுக்கான காப்புறுதியும் சட்டமாயின. காலப்போக்கில் அந்தக் காப்புறுதிகளின் பணத்தில் தொழிலாளரும் குளியல் ஊருக்கு வந்தார்கள். பேரரசிகள் வந்த இடத்துக்குச் சுரங்கத் தொழிலாளி வந்தார். இது பெரிய காரியம். 1996இல் போட்ட சட்டத்தால் வழக்கமான நாலு கிழமை மூன்றாகக் குறைந்தது, நோயாளி கொடுக்கவேண்டிய பங்கு கூடியது. குளியல் ஊர்கள் வருமானமில்லாமல் தவித்தன.

எங்கள் சரித்திரம் வேறு. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அசூல் கேட்போர் உதவிச் சட்டம், கடும் வருத்தத்துக்கும் நோவுக்கும் சிகிச்சை தரலாம் என்கிறது. மற்றவை அதிகாரியின் முடிவைப் பொறுத்தவை. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏறத்தாழச் சமமான சிகிச்சை கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டிய காலத்தை 2024இல் 36 மாதமாகக் கூட்டினார்கள். 2014இல் நான் முகாமில் இருந்தபோது 165/105 என்று எழுதிய தாளோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் கெட்டவரல்ல. "எங்கேயாவது நோகிறதா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தவர் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன்: இல்லை. தாள் திரும்ப வந்தது. வேலையும் காப்புறுதியும் கிடைத்த பிறகும் அந்தத் தாளை நான் எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. நோகாவிட்டால் வருத்தமில்லை என்று அந்த மேசை சொன்னதை நானும் நம்பிவிட்டேன். அண்ணை விழுந்த அடுத்த கிழமைதான் டொக்டரிடம் போனேன். 178/112. இப்போது ஒரு குளிசை எடுக்கிறேன்.

8

தண்ணீரைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தில் செய்த ஒரு ஆராய்ச்சி 2014இல் வெளிவந்தது. மூன்றும் அதற்கு மேலும் மருந்து எடுத்தும் பிறஷர் இறங்காத 32 பேர். அவர்களில் ஒரு பகுதியினரை 30க்கும் 32க்கும் இடைப்பட்ட பாகைச் சூட்டு நீரில், கிழமைக்கு மூன்று தரம், ஒவ்வொரு மணித்தியாலம், 12 கிழமை நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் விட்டார்கள். இருபத்துநாலு மணித்தியாலச் சராசரி 137/81இலிருந்து 120/72க்கு இறங்கியது. அவர்களில் ஒருவரும் குளிசையை விட்டுவிட்டு நீரில் இறங்கவில்லை. பெனெக்கே கண்டதற்கும் 1967 ஆராய்ச்சிக்கும் பகையில்லை என்பதை இது காட்டுகிறது.

ஆகவே நண்பர்களே, நீச்சல் தடாகத்துக்குப் போக முடிந்தால் போங்கள். இளஞ்சூட்டு நீரில் நடவுங்கள். டொக்டரைக் கேட்காமல் குளிர்நீரில் பாயாதீர்கள். சவுனாவிலிருந்து எழும்பி ஐஸ் தொட்டிக்குள் இறங்குவது பிறஷர்காரருக்கு விளையாட்டல்ல. குளிசை எடுப்பவர்கள் சுடுநீரிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், மெதுவாக எழும்புங்கள். குசினியில் வேலை செய்பவர்கள் வியர்க்கிறது என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல், நோகும்வரை பார்த்திருக்காமல் பட்டியைச் சுற்றிப் பாருங்கள். எண்ணை எழுதி வையுங்கள். எழுதிய தாளை ஒருவர் திருப்பித் தந்தால் இன்னொருவரிடம் கொண்டுபோங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியான வேலைக்கு முன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு அந்த முள்ளுச்சுவர்ப் பக்கம் போவேன். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வாங்கில் இருந்தால் உவர்நீர் சொட்டுகிற சத்தம் கேட்கும், உதட்டில் உப்புக் கரிக்கும். போன கிழமை மூச்சை இழுத்துவிட்டு, குழறின வாயால் மெதுவாகச் சொன்னார்:

"ஆனையிறவைத் தாண்டேக்கை அடிக்கிற காத்து மாதிரிக் கிடக்கு."

இடது கையை நீட்டச் சொல்லிப் பட்டியைச் சுற்றினேன். 138/84. கொப்பியில் எழுதிவிட்டு, காலமை குளிசை எடுத்தவரா என்று கேட்டேன். தலையாட்டினார்.